மொட்டைக்கு ஏழாம் மாதமா, பதினொன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பிள்ளையை எப்போது வெளியூருக்குத் தூக்கிப் போகலாம் என்பதை எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாய்வீட்டிலிருந்து அழைத்து வருவது, பிறகு ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை மாதத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. வழக்கத்துக்குள்ளேயே இரண்டு மூன்று மாதங்கள் கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் எது பிள்ளைக்கு நல்லது என்று பார்த்து நாள் குறியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அழைத்து வர மூன்றா ஐந்தா என்றால் ஐந்து. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. மூன்றாம் மாதம் நடக்கும்போது இரண்டு தவணைக்கு மேல் ஆகியிருக்காது. ஐந்தாம் மாதத்தில் மூன்றும் முடிந்து, கக்குவான் இருமலையும் தொண்டை அடைப்பானையும் எதிர்க்கப் பலம் வந்திருக்கும். கழுத்தும் நின்றிருக்கும். கழுத்து நிற்காத பிள்ளையோடு பஸ்ஸில் உட்கார்ந்தால், ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தலைக்கு. டிரைவர் பிரேக் அடிக்கும்போது கம்பியைப் பிடிக்கத் தாய்க்கு மூன்றாவது கை இல்லை. முதல் ஆறு வாரம் ஊசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எங்கும் வேண்டாம். மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் பயணம் வைக்காதீர்கள். வந்திருப்பது ஊசிக் காய்ச்சலா வேறு காய்ச்சலா என்று வழியில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. மருத்துவரைக் கேட்டே கிளம்புங்கள்.

மொட்டைக்குப் பதினொன்றாம் மாதம். காரணம் தட்டம்மை. தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. ஊரில் 'ஒன்பதாம் மாதம்' என்பது எட்டு நிறைந்து ஒன்பது நடப்பது. ஆக, ஒன்பதாம் மாத மொட்டைக்குப் போகும் பிள்ளை இந்த ஊசி இல்லாமலேதான் கூட்டத்துக்குள் போகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் அந்த வயதில் பெரும்பாலும் கரைந்திருக்கும். தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். கோயில் மண்டபமும் வேனும் அப்படிப்பட்ட இடங்கள்தான். 9 நிறைந்ததும் ஊசி போட்டு, பதினொன்றாம் மாதம் பிறந்ததும் மொட்டை வைத்தால் இடையில் ஏறக்குறைய ஒரு மாதம் கிடைக்கிறது. உடம்பில் எதிர்ப்பு உருவாக அது போதும். மொட்டை போடுபவர் புது பிளேடை உங்கள் கண்முன்னே பிரித்து மாட்டட்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். பிரசாதம் என்று பஞ்சாமிர்தத்தை நாக்கில் தடவ விடாதீர்கள். அதில் தேன் சேர்வது வழக்கம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் துளியும் ஆகாது.

அடுத்தது வண்டி. காரில் பிள்ளையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவதும், தாயையும் பிள்ளையையும் ஒரே பெல்ட்டில் கட்டுவதும் ஆபத்து. மோதும்போது இடையில் நசுங்குவது பிள்ளை. ஏர்பேக் வெடிப்பதும் அதன் தலைமீதுதான். பின்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி மாட்டும் குழந்தை இருக்கைதான் சரி. தோள்வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. அதிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வெளியே எடுத்துப் படுக்க வையுங்கள். தூக்கத்தில் மோவாய் நெஞ்சில் சாய்ந்தால் மூச்சு தடைபடும். பைக்கில் 9 மாதம் முதல் 4 வயது வரை பிள்ளைக்குத் தனி ஹெல்மெட்டும், 4 வயது வரை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022இல் விதி கொண்டுவந்தது. அப்பா அம்மா நடுவில் செருகிக்கொண்டு போவது எந்தப் பாதுகாப்பும் இல்லை. நள்ளிரவில் வேன் எடுத்துத் தொப்பூர் கணவாயில் இறங்கும் பழக்கத்தையும் மாற்றலாம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம், ஓட்டுநரும் தூங்கி எழுந்தவராக இருப்பார். தருமபுரியிலோ ஓசூரிலோ ரயில் கிடைக்கிற ஊர் என்றால் ரயிலே மேல். பிள்ளை வழியெல்லாம் அழுமே என்று இருமல் மருந்தோ வாந்தி மாத்திரையோ கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். வாந்தி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள புரோமெத்தசின் 2 வயது நிறையாத பிள்ளைக்கு மூச்சையே மந்தப்படுத்தும்.

சாப்பாட்டு விஷயத்தில் பலர் நினைப்பதற்கு நேர்மாறு: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஐந்து மாதப் பிள்ளையோடு போவது சுலபம். கோடையிலும் அதற்குத் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தவழத் தொடங்கியதிலிருந்து இரண்டு வயது வரைதான் கடினமான காலம். கண்டதை எடுத்து வாயில் வைக்கும், பொரியும் நிலக்கடலையும் தொண்டையில் சிக்கும். பவுடர் பால் கொடுப்பவர்கள் வீட்டிலேயே கலக்கி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த வெதுவெதுப்பில் கிருமி மளமளவென்று பெருகும். ஃபிளாஸ்க்கில் கொதித்த வெந்நீர் மட்டும், பவுடர் உலர்ந்த டப்பாவில் அளந்து தனியாக. வேண்டும்போது கலக்கி, ஆற்றிக் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். பால் கலக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே காய்ச்சி எடுத்துச் செல்லுங்கள். பையில் வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு பாக்கெட் இரண்டு இருக்கட்டும். பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக 1 லிட்டர் தண்ணீர். அரை டம்ளரில் கால் பாக்கெட்டைக் கரைத்தால் உப்பு ஏறிவிடும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது நிறையாத பிள்ளையைப் பரிசலில் ஏற்ற வேண்டாம். பெரிய பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கானது இல்லை. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

பரிசல் துறையில் பிள்ளைகளின் எடைக்கேற்ற சிறிய ஜாக்கெட்டுகள் போதிய அளவில் இருக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தொடங்கப்பட்ட தாய்மார் பாலூட்டும் அறைகள் எங்கள் இரு மாவட்டங்களிலும் முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை திறந்திருக்க வேண்டும். உள்ளே மின்விசிறியும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். குலதெய்வக் கோயில் நிர்வாகிகளும் மொட்டைக் கொட்டகையை ஒட்டி அப்படி ஒரு மறைப்பு அறை கட்டித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.