தூக்குச்சட்டியில் அப்பாவின் பெயர்

செயின்ட் பால், மினசோட்டா
22-1-2023, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் அனைவரும் நலமாக இருக்க நம் காளியம்மன் துணை.

உங்கள் கடிதம் அக்டோபர் கடைசியிலேயே கைக்குக் கிடைத்துவிட்டது. மூன்று மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. அதுதான் வாரம் தவறாமல் போனில் பேசுகிறானே என்று அண்ணன் எனக்காகப் பரிந்து பேசியிருப்பான். ஆனால் போனில் நான் பேசுவது உங்கள் காதில் விழுவதில்லை என்பதும், அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். உங்களோடு பேச எனக்கு இருக்கிற ஒரே வழி கடிதம். தெரிந்தே தள்ளிப்போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

மூன்று பக்கக் கடிதத்தில் நீங்கள் முதலில் கேட்டிருந்தது, "அக்கம்பக்கத்து மனிதர்கள் எப்படி?" என்று. சம்பளத்தையோ வீட்டையோ கேட்கவில்லை. அதனால் அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன். மேலக்காட்டு நிலத்தின் விஷயம் பின்னால் வருகிறது.

குளிரைச் சொல்லாமல் இந்த ஊர் மனிதர்களைச் சொல்ல முடியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டிச் சில நாட்கள் செல்சியஸில் மைனஸ் 20-க்கும் கீழே போனது. வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்கு முடி உறைந்து குத்துகிறது. சாயங்காலம் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். இங்கே எல்லோரும் ஃபாரன்ஹீட்டில்தான் சொல்வார்கள். மைனஸ் 40 என்ற ஓர் இடத்தில் மட்டும் இரண்டு அளவும் ஒன்றாகிவிடுகின்றன, கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும். கார் நம்பர் பிளேட்டிலேயே பத்தாயிரம் ஏரிகள் என்று அச்சடித்திருக்கும் மாநிலம் இது. அந்த ஏரிகள் அத்தனையும் இப்போது கட்டாந்தரை. அதன்மேல் காரை ஓட்டிப்போய், பனியில் துளை போட்டு, தூண்டிலோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கண்மாயில் மீன் பிடிக்கும் நாளின் கூச்சல் கிடையாது. பேச்சுமூச்சு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பனி பெய்து ஓய்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அவரவர் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையை அவரவர் சுத்தம் செய்துவிட வேண்டும். இது நகராட்சிச் சட்டம். நான் இருக்கும் தெருவில் எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. மனைவி காலமாகிவிட்டார், தனியாக இருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு மண்வெட்டி போன்ற அகலப் பலகையோடு இறங்கி, தன் வீட்டு வாசலை முடித்துவிட்டு, பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, பிறகு தெருவைத் தாண்டி எங்கள் வீட்டு வாசல் வரை பனியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். போன குளிர்காலம் முழுவதும் இதைச் செய்தார். ஒருநாளும் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு வந்துவிடும் என்று நினைத்திருப்பார் போலும். பகலில் பார்த்தால் கை அசைப்பார், எப்படி இருக்கிறாய் என்பார், நான் வாயைத் திறப்பதற்குள் நடந்துவிடுவார்.

இந்த "எப்படி இருக்கிறாய்" என்னை முதல் வருஷம் மிகவும் வருத்தியது. கடையில் பில் போடுகிற பெண் கேட்பாள், லிஃப்டில் வருகிறவர் கேட்பார். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவர்களுக்கு மனசே இல்லையோ என்றுகூட நினைத்தேன். அது என் அவசரம் என்று இப்போது தெரிகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்குகிறார்கள். பள்ளிக்கூட பஸ் நின்று சிவப்பு விளக்குப் போட்டால் எதிர்த் திசையில் வரும் வண்டியும் அசையாமல் நிற்கிறது, கடைசிக் குழந்தை இறங்கும்வரை. தெருமுனையில் ஒரு கம்பத்தில் தபால்பெட்டி அளவுக்குக் கூரை போட்ட மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே புத்தகங்கள். பூட்டு இல்லை, பதிவேடு இல்லை. வேண்டியதை எடுத்துப் போகலாம், நம்மிடம் உள்ளதை வைக்கலாம். எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஆற்றைத் தாண்டி இருக்கும் ஹட்சன் என்ற சிற்றூரில் 2009-இல் ஒருவர் தன் ஆசிரியைத் தாயின் நினைவாக வைத்த ஒரு பெட்டியிலிருந்து தொடங்கியதாம் இது. பள்ளிக்கூடத்து பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்த நீங்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

இன்னொன்று சொன்னால் அம்மா நம்பமாட்டாள். இந்த மாநிலத்து ஆட்களிடம் நம் ஊர் வழக்கங்கள் சில அப்படியே இருக்கின்றன. காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள், மறுபடி கேட்டாலும் வேண்டாம், மூன்றாம் தடவைதான் சரி என்பார்கள். தட்டில் கடைசித் துண்டு கேக்கை யாரும் தொடமாட்டார்கள். ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் மிச்சத்தில் பாதி. விடைபெறுவதென்றால் கூடத்தில் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, கார் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பேச்சு. சித்தி நம் வீட்டிலிருந்து கிளம்புவதுபோல.

நவம்பரில் அந்தப் பெரியவர் என்னைத் தன் சர்ச்சில் நடந்த விருந்துக்கு அழைத்துப்போனார். அவருடைய தாத்தா நார்வேயிலிருந்து பிழைக்க வந்தவர். வருஷத்துக்கு ஒருமுறை சர்ச்சின் கீழ்த்தளத்தில் அந்த ஊர்ச் சாப்பாடு போடுகிறார்கள். காட் மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி, அதைச் சோப்புக்குப் போடுகிற காரம் கலந்த நீரில் பல நாள் ஊறப்போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசி வேகவைக்கிறார்கள். லூட்டஃபிஸ்க் என்று பெயர். தட்டில் விழும்போது நுங்குபோல வழுக்கித் தளும்புகிறது. மேலே உருக்கிய வெண்ணெய். நாற்றம் படியிலேயே வந்துவிட்டது, ஆனால் நெத்திலிக் கருவாட்டு வீட்டில் வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். கூடவே உருளைக்கிழங்கு மாவில் தேய்த்த மெல்லிய ரொட்டி, போளிபோல மடித்துச் சர்க்கரை தூவித் தருகிறார்கள். பரிமாறியவர்கள் எல்லோரும் எழுபது தாண்டியவர்கள், கூலி வாங்காமல் வேலை செய்கிறவர்கள். வீடுகளிலிருந்து வந்த பாத்திரங்களை மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். காலியானதைத் திருப்பினால் அடியில் ஒட்டுத்தாள், அதில் பேனாவால் எழுதிய வீட்டுக்காரர் பெயர். எனக்கு நம் அடுக்களைப் பரண் கண்முன் வந்துவிட்டது.

இந்த மாதம் முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. முழங்கால் அளவு. அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலையில் எங்கள் வாசல் அப்படியே கிடந்தது. பெரியவர் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று மதியம்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே தெருவில் பட்டியல் போட்டுவிட்டார்கள், எந்தக் கிழமை யார் சாப்பாடு, யார் மருந்து வாங்குவது, யார் பனி தள்ளுவது என்று. கூடிப் பேசவில்லை, நலம் விசாரிக்க வரிசையாகப் போய் உட்காரவில்லை. வாசலில் சாப்பாட்டை வைத்து, மணி அடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசித் திரும்பிவிடுகிறார்கள். ஒருநாள்கூடத் தவறவில்லை. நம் ஊரில் வீடு நிறைய ஆள் இருக்கும், ஆனால் பத்தாவது நாள் கஞ்சி கொடுக்க ஆள் இருக்குமா என்று பெரியம்மா படுக்கையில் கிடந்தபோது நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது. பனி தள்ளும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது நான் பட்ட கடன்.

சாப்பாட்டு முறை எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது, 15-ஆம் தேதி. பொங்கல் உங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை என்றால் எனக்குச் சனி இரவு எட்டு. அந்த நேரம் பார்த்தே அடுப்பைப் போட்டேன். குக்கரில் வைத்தால் பொங்கி வழியாது என்பதால் சின்னப் பாத்திரத்தில் வைத்து, வழிகிறவரை பக்கத்திலேயே நின்றேன். குலவை இல்லை, கரும்பு இல்லை. நான் மட்டும் மெதுவாகப் பொங்கலோ பொங்கல் என்று சொன்னேன். மேலே வீட்டுக்காரர்கள் தூங்கியிருப்பார்கள். மறுநாள் மிளகைக் குறைத்து வெண்பொங்கலும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் வைத்தேன். தூக்கிக்கொண்டுபோக என்னிடம் இருந்தது அம்மா ஊறுகாய் வைத்துக் கொடுத்த எவர்சில்வர் தூக்குச்சட்டி மட்டும்தான்.

புதன்கிழமை பனி தள்ளப் போனபோது பெரியவர் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். இந்த இரண்டு குளிர்காலத்தில் நான் அந்த வீட்டுக்குள் போனது அன்றுதான். காபி கொடுத்தார். தூக்குச்சட்டி கழுவித் துடைத்து மேசைமேல் இருந்தது. திறந்தால் உள்ளே கையால் எழுதிய ஒரு நன்றி அட்டையும், காகிதத்தில் சுற்றிய நான்கு ரொட்டியும். வெறும் பாத்திரமாகத் திருப்பவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சட்டியின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் எழுத்தை இடதுகை விரலால் தடவிக்கொண்டே, இது என்ன என்று கேட்டார். என் அப்பாவின் பெயர் என்றேன். படித்துக் காட்டச் சொன்னார். "ஆ. வேலுச்சாமி, ஆசிரியர்" என்று படித்தேன். தமிழில் வாய்விட்டுப் பேசி ஐந்தாறு நாள் ஆகியிருந்தது அப்பா. குரல் அடைத்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

பிறகு அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே கயிறு கட்டிய கடிதக் கட்டு. நார்வேயிலிருந்து அவர் தாத்தாவுக்கு, அந்தத் தாத்தாவின் அப்பா எழுதியவை. மை பழுப்பாகிவிட்டது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எனக்கு அந்த மொழி தெரியாது, என் அப்பா சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். அந்தக் கட்டை மூடிவைத்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன், இன்றுதான் முடிகிறது. என் மகள் யாழினிக்குத் தமிழ் எழுத்து நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். சனி, ஞாயிறில் விருதுநகர் போய் அவளைக் கூட்டி வாருங்கள், சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லமாட்டார்கள். விசா வேலை நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும். அதுவரை அவள் உங்களிடம் எழுதிப் பழகட்டும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. லாவோஸிலிருந்து போரால் வந்து குடியேறிய மொங் மக்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்கள் சந்தையில் பாகற்காய், காராமணி, பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்கின்றன. மொழி தெரியாத ஒரு பாட்டி எப்போதும் கொத்தமல்லி ஒரு பிடி சேர்த்தே போடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்க மட்டும்தான் இந்த ஊரில் ஆள் இல்லை.

மாப்பிள்ளை கார் பற்றிக் கேட்டாராம். பஸ்ஸே வசதி, பனியில் கார் தொல்லை. வீடு மாற்றியதையும் அண்ணன் சொல்லியிருப்பான். இப்போது இருப்பது கீழ்த்தளத்து அறை, காற்று புகாது, கதகதப்பாக இருக்கிறது. ஆபீஸில் பழைய வேலை டிசம்பரோடு முடிந்தது, புதியது பிப்ரவரியில் தொடங்கும் என்கிறார்கள். நடுவில் ஓய்வு கிடைத்திருக்கிறது, உடம்புக்கு நல்லதுதான். இந்த மாதம் பதினைந்தாயிரம்தான் அனுப்பியிருக்கிறேன். மீதியைச் சித்திரைக்குள் சேர்த்து அனுப்புகிறேன். அதை வைத்து முதலில் மோட்டார் காயில் கட்டிவிடுங்கள். அம்மாவின் கண்புரை ஆபரேஷனை என் பணத்துக்காகக் காத்திருந்து தள்ளிப்போட வேண்டாம். மதுரை அரவிந்தில் இலவசப் பிரிவிலும் நன்றாகப் பார்க்கிறார்கள், மதினி கூடப் போகட்டும்.

மேலக்காட்டை விற்பது பற்றி. அண்ணனுக்குப் பையன் படிப்புச் செலவு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டுப் பட்டாவாக இருக்கும்வரை வருகிறவன் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். முதலில் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். என் பங்குக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் அதிகாரப் பத்திரத்தை எழுதி அனுப்புங்கள். எங்கள் மாநிலத்துக்குச் சிகாகோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான், அங்கே சான்று வாங்கி அனுப்புகிறேன். வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், மறக்கவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

சர்வேயர் வரும் அன்று பெரியப்பா மகன்கள் இருவரும் கூட நிற்க வேண்டும், பிறகு பேச்சு வரக்கூடாது. கிழக்கு வரப்பில் பழைய எல்லைக்கல் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காணாமல் போகவில்லை. இரட்டைப் பனையிலிருந்து வடக்கே பன்னிரண்டு எட்டு எடுத்து வைத்தால், கருவேலம் புதருக்கு அடியில் இருக்கிறது. தாத்தா என்னை அதன்மேல் நிற்கவைத்துக் காட்டினார். புதரை வெட்டிப் பாருங்கள்.

அன்பு மகன்,
முத்து