சிங்க் தண்ணீர் எங்கே போகிறது?

தருமபுரி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் பாடம் மட்டும் நடத்திவிட்டு, இப்போது ஆராய்ச்சி லேப் உன் பொறுப்பில் வந்திருக்கிறது என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். தம்பி தோப்பில் பெங்களூரா காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் கூழ் ஆலைக்காரர்கள் சொல்கிற விலை பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று புலம்புகிறான். கிருஷ்ணகிரிக்காரனிடம் போய் மாங்காய்க் கதை பேசுகிறேன் பார்!

கெமிக்கல் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஃபியூம் ஹூட் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய். லேப் சிங்க்கில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கட்டடத்தின் பின்பக்கம் போய் உன் கண்ணால் பார். நம் பக்கத்தில் ஊருக்கு வெளியே இருக்கிற கல்லூரிகளில் பெரும்பாலும் ஓர் உறிஞ்சு குழிதான் இருக்கும். கொஞ்ச தூரத்தில் ஹாஸ்டல் போர்வெல். இங்கே மேல்மண் கொஞ்சம்தான், அதற்குக் கீழே எல்லாம் பாறை. தண்ணீர் தங்குவதும் நகர்வதும் அந்தப் பாறை வெடிப்புகளில். குழிக்கும் போர்வெல்லுக்கும் நடுவில் எந்த வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. ‘அமிலத்தை நடுநிலையாக்கி நிறையத் தண்ணீர் விட்டு சிங்க்கில் கழுவி விடலாம்’ என்று வெளிநாட்டுக் கையேடுகளில் படித்திருப்பாய். அது பாதாளச் சாக்கடையும் அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிற ஊருக்கு எழுதியது. ஏற்கெனவே ஃபுளோரைடு குடித்துப் பல்லில் பழுப்பேறிய ஜனங்கள் நாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் பல ஊர்களுக்கு வேறு தண்ணீர் கிடைத்தது. மிச்சமிருக்கிற நிலத்தடி நீரில் நாம் வேறு எதையும் கலந்து வைக்க வேண்டாம்.

உன் மாணவர்கள் தென்பெண்ணையில் சி.ஓ.டி. (தண்ணீரில் இருக்கிற கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு) பார்க்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல விஷயம். கெலவரப்பள்ளி அணையில் பொங்கி வழிகிற நுரையைப் பார்த்தவன் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆனால் அந்தச் சோதனையின் உள்ளே இருப்பதை ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார். பழைய ரிஃப்ளக்ஸ் முறையில் 50 மில்லி மாதிரிக்கு 1 கிராம் மெர்குரிக் சல்பேட், 25 மில்லி பொட்டாசியம் டைகுரோமேட், வெள்ளி சல்பேட் கரைத்த அடர் கந்தக அமிலம் 75 மில்லி. அந்த 1 கிராமில் பாதரசம் மட்டும் சுமார் 0.68 கிராம். ஆற்றில் விடுகிற கழிவு நீரில் பாதரசத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரே ஒரு மாதிரியின் கழிவை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க ஏறக்குறைய 68,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரி என்றால் ஆறு லாரி! ஆற்றில் மாசு இருக்கிறதா என்று பார்க்கப் போனவன், அந்த ஆற்றில் இருப்பதைவிடக் கொடிய சரக்கைக் குடுவையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ‘குழாயைத் திறந்து விட்டு ஊற்றினால் போதும் சார்’ என்று எவனாவது சொன்னால் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டு.

அதனால் அந்தச் சோதனையையே சின்னதாக்கிவிடு. மூடிய குழாய் முறையில் 2.5 மில்லி மாதிரி போதும். மொத்தக் கழிவு 7.5 மில்லி, பழைய முறையில் இருபதில் ஒரு பங்கு, பாதரசமும் அதே விகிதத்தில் குறையும். உபகரணத்துக்குப் பணம் கேட்டால் நிர்வாகம் முகம் சுளிக்கும்தான். ஆனாலும் ஃபியூம் ஹூடுக்கு முன்னால் இதைத்தான் நான் கேட்டு வாங்குவேன். குழாய் நன்றாக ஆறின பிறகு கழிவைத் தனி பிளாஸ்டிக் கேனில் ஊற்றச் சொல். அந்தக் கேனில் வேறு எதுவும் விழக் கூடாது. ‘வேஸ்ட்’ என்று மட்டும் எழுதி ஒட்டுவது எழுதாததற்குச் சமம். பாதரசம், ஆறு இணைதிற குரோமியம், வெள்ளி, கந்தக அமிலம் என்று பெயர்களும், முதல் சொட்டு விழுந்த தேதியும் லேபிளில் இருக்க வேண்டும்.

ஒரு கேனில் இரண்டு பேர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பார்த்தேன். பெயர் வேண்டாம். மிச்ச எத்தனால் இருந்த கழிவு பாட்டிலில், கண்ணாடிச் சாமான் கழுவிய நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, வாசம் வரக் கூடாதென்று மூடியை இறுக்கித் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். ராத்திரி பாட்டில் வெடித்து, அலமாரிக் கதவு கழன்று, காலையில் அறை முழுக்கப் பழுப்புப் புகை. ஆள் இல்லாத நேரமாகப் போனது அவர்கள் அதிர்ஷ்டம். நைட்ரிக்கை எந்தக் கரிமக் கரைப்பானோடும் சேர்க்கவே கூடாது. குளோரோஃபாம், டைகுளோரோமீத்தேன் வகையறாவுக்கு ஒரு கேன், அசிட்டோன், மெத்தனால் வகையறாவுக்கு இன்னொரு கேன். எரிக்கிற இடத்தில் குளோரின் சேர்ந்ததைத் தனியாகத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது ஸ்டோர் ரூம். உன் கல்லூரி பழையது. விலங்கியல் துறையில் திசுக்களைப் பதப்படுத்துகிற பூயின் கரைசல் தயாரிக்க வாங்கின பிக்ரிக் அமிலம் எங்காவது மேல்தட்டின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘கையிருப்பு’ என்று வருஷா வருஷம் கையெழுத்து விழுந்துகொண்டே வரும், பாட்டிலை யாரும் இறக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஈரமாக இருக்கும்வரை அது சாது. தண்ணீர் வற்றிப் படிகம் காய்ந்துவிட்டால் வெடிமருந்து. 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் ஏற்றியிருந்த சரக்கில் பெரும்பங்கு இதுதான். டார்ச் அடித்துத் தூரத்திலிருந்து பார். மஞ்சள் தூளுக்கு மேல் தண்ணீர் நின்று, மூடியின் மரை சுத்தமாக இருந்தால் கவலை இல்லை. மூடி ஓரத்தில் மஞ்சள் பொருக்கு கட்டியிருந்தால் கை வைக்காதே, திறந்து பார்க்கலாம் என்கிற ஆசையே வேண்டாம். திருகுகிற உராய்வே போதும். அறையைப் பூட்டிவிட்டு, முதல்வர் மூலமாகக் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவுக்குச் சொல். ஈதர், டி.எச்.எஃப். என்கிற கரைப்பான்களின் பாட்டில்களையும் அப்போதே பார். திறந்து நாளானவற்றில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கும். திறந்த தேதி எழுதாத பாட்டிலைக் காய்ச்சி வடிக்க எவனையும் விடாதே.

கிளவுஸ் பற்றி ஒன்றே ஒன்று. 1996இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் காரென் வெட்டர்ஹான் என்ற பேராசிரியையின் லேடெக்ஸ் கையுறை மேல் டைமெத்தில் மெர்க்குரி என்கிற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டு விழுந்தது. அது ரப்பரைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அவர் நோய்ப்பட்ட பிறகுதான் சோதித்துத் தெரிந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார். நச்சு உலோகங்களே அவருடைய ஆராய்ச்சித் துறை. எந்தக் கெமிக்கலுக்கு எந்தக் கையுறை என்று பார்க்காமல், பெட்டியில் இருப்பதை மாட்டிக்கொண்டு தைரியமாக நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி ஃபியூம் ஹூட். அளவைவிட இழுப்பு முக்கியம். முகப்பில் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறதா என்று, பொருத்துகிறவர்கள் அளந்து காட்டின பிறகு கையெழுத்துப் போடு. வாங்கின மறுமாதமே அதைக் கெமிக்கல் அலமாரியாக மாற்றிவிடுவார்கள், விடாதே. கழிவுக் கரைப்பானை உள்ளே திறந்து வைத்து ஆவியாக்குவதும் கூடாது. அது அப்புறப்படுத்துவது இல்லை, மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் மூக்குக்கு அனுப்புவது.

கேன் நிறைந்த பிறகு என்ன செய்வது என்று நீ கேட்பாய். 2016ஆம் வருஷ அபாயகரக் கழிவு விதிப்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்பலாம். ஆனால் உன்னுடைய நாலு கேனுக்காக அங்கிருந்து லாரி வருமா? இங்கே நாங்களும் இதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். உன் கல்லூரி, என் கல்லூரி, ஓசூர் பக்கம் இரண்டு மூன்று லேப் என்று சேர்ந்து ஒரே நாளில் ஏற்றிவிட்டால் செலவு தாங்கும். வாரியத்தில் கேட்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். உன் முதல்வர் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுச் சொல்.

வாங்கப்போகிற கெமிக்கல் பட்டியலை ஆர்டர் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. கால் கிலோ வேண்டிய இடத்தில் மலிவு என்று 5 கிலோ எழுதியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே, பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். மற்ற எந்த நாளானாலும் காலையிலேயே வந்துவிடு, ஸ்டோர் ரூமைக் காட்டுகிறேன், மத்தியானம் வீட்டில் களியும் கீரைக் கடைசலும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமரவேல்