'ஷ்ரீக்' எல்லாம் அலறல் ஆகிவிடாது: ஆங்கிலம்-தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அலை காலைத் தொட்டதும் பிள்ளைகள் மகிழ்ச்சியில் 'ஷ்ரீக்' (shriek) செய்ததாக ஓர் ஆங்கில வாக்கியம். அதை ஒரு மாணவி "பிள்ளைகள் மகிழ்ச்சியில் அலறினார்கள்" என்று தமிழில் எழுதியிருந்தாள். தப்பு என்று சுழித்துவிட்டேன். அவள் அகராதியை எடுத்து வந்து காட்டினாள். அலறல், கூச்சல், கதறல் என்று காற்புள்ளி போட்டு வரிசையாக இருந்தது. முதலில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வரிசைதான் இன்னும் உறுத்துகிறது.

அலறல் என்றால் நம் காதில் பயமோ வலியோதான் கேட்கும். கதறலில் அழுகையும் கெஞ்சலும் உண்டு. ஓலம் நீண்டு ஒலிப்பது. 'ஷ்ரீக்' இவை எதுவுமில்லை. கூர்மையாக, உச்சத்தில், சட்டென்று தொண்டையிலிருந்து தெறிக்கும் சத்தம் அது. கரப்பான்பூச்சியைப் பார்த்தாலும் வரும், கிச்சுகிச்சு மூட்டினாலும் வரும். பயத்தில் வந்தால் 'வீறிட்டாள்' என்பது கச்சிதமாகப் பொருந்தும். சிரிப்பில் வந்தால் அது பொருந்தாது.

பறவை பார்ப்பவர்களுக்கு 'ஷ்ரைக்' (shrike) என்ற பறவையைத் தெரியும். அந்தப் பெயர் பழைய ஆங்கிலத்தில் கீச்சுக்குரல் பறவை ஒன்றுக்கு வழங்கியது. 'ஷ்ரீக்' அதற்கு உறவுச் சொல். இன்றைய ஷ்ரைக் பறவைக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? கீச்சான். குளிர்காலத்தில் நம் ஊர் வேலிகளில் வந்து உட்காரும் பழுப்புக் கீச்சானும் அந்த இனம்தான். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாகக் கீச்சுக்குரலைக் கேட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு அடிப்படை ஒலிதான், அச்சம் அல்ல என்பதற்கு எனக்கு இது போதும்.

பக்கத்துச் சொற்களையும் பிரித்துக் காட்டுங்கள். 'ஸ்க்ரீம்' (scream) இன்னும் முழுக்குரல், நீடிக்கும். 'ஸ்க்ரீச்' (screech) கரகரப்பானது, பிரேக் போட்டால் சக்கரம் கிறீச்சிடுவது அதுதான். பிரிட்டனில் கணக்குப் படிப்பவர்கள் எண்ணுக்குப் பின்னால் (5! என்பது போல) வரும் ஆச்சரியக்குறியைக்கூட 'ஷ்ரீக்' என்று வாசிப்பதுண்டு. அந்தக் குறியைப் பார்த்தாலே சொல்லின் குணம் புரியும்.

மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும், கூகை குழறும் என்று மரபுச் சொற்களைக் கறாராகச் சொல்லித்தருகிறோம். மாற்றி எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஆந்தைக்கும் கூகைக்குமே தனித்தனி வினை வைத்திருக்கும் மொழி இது. மனிதக் குரலுக்கு மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே காற்புள்ளி வரிசையில் கொட்ட வேண்டும்?

இடம் இல்லை என்பீர்கள். அச்சில் அது உண்மைதான். ஆனால் ஒத்த சொற்கள் ஏழு கொடுக்கும் இடத்தில் மூன்றைக் கொடுத்து, யார், எதற்காக, எந்தக் குரலில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வாக்கியம் போடலாமே. பயத்தில் வீறிட்டாள். வலியில் அலறினான். மூன்றாவதை நான் சொல்ல வேண்டாம், அந்த மாணவியே வாக்கியத்தைத் திருத்தி எழுதிவிட்டாள்: "அலை காலைத் தொட்டதும் பிள்ளைகள் கீச்சென்று கத்திச் சிரித்தார்கள்." அடுத்த பதிப்பில் அதை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை