கோப்பு உன்னிடம்தான் இருக்கிறது

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் உன் அச்சகத்தின் புதிய நூற்பட்டியலும் சேர்ந்தே வந்தன. மகள் பொள்ளாச்சிக்கே மாற்றலாகி வந்துவிட்டதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். பட்டியலைப் படித்ததும் உன்னிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி பிறவியிலேயே பார்வையற்றவள். பள்ளியில் மலையாள வழியில் படித்தவள் என்றாலும், விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தான பாரதி பிரெய்லில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகள் என்பதால், தமிழுக்கு வருவது அவளுக்குக் கடினமாக இருக்கவில்லை. பார்வையுள்ள பிள்ளைகள் இரண்டு வரிவடிவங்களோடு மல்லுக்கட்டும் இந்த எல்லைப்புறத்தில் அது அவளுக்குக் கிடைத்த ஒரு சலுகை. நூல் கிடைப்பதுதான் பெரும்பாடு.

நல்ல மனம் கொண்ட சிலர் நூல்களை வாசித்து ஒலிப்பதிவாக அனுப்புகிறார்கள். கதை கேட்க அது போதும். பாடம் படிக்கப் போதாது என்பதே என் கருத்து. புறநானூற்றைக் காதால் மட்டும் கேட்பவளுக்கு எழுத்து வேறுபாடு எப்படித் தெரியும்? தேர்வறையில் அவள் சொல்லச் சொல்ல எழுதுபவர், “சின்ன ரவா, பெரிய றவா?” என்று கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவள் அவள்தானே. எழுத்துக்கோப்பாக இருந்தால், கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான், வேண்டிய இடத்தில் எழுத்தெழுத்தாகவும் சொல்லும். பிரெய்ல் கருவியை இணைத்தால் விரலாலேயே வாசித்துவிடலாம்.

கிடைப்பவையோ பெரும்பாலும் பிடிஎஃப். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் இட்டால், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்புகளில் துதிக்கை வைத்த ‘லை’யிலும் ‘ணை’யிலும் அது தடுமாறுகிறது; அடிக்குறிப்பும் பாடவேறுபாடும் பாட்டின் நடுவே வந்து புகுந்துவிடுகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்த பக்கமானால் இன்னும் வேடிக்கை. கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரியும் இடத்தில் கோப்பின் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைவாசிப்பான் அவற்றைத்தான் சொல்லும். ஒரு நூலைத் திருத்தி முடிப்பதற்குள் பருவத்தேர்வே வந்துவிடுகிறது. இத்தனைக்கும் அந்த நூல், மெய்ப்புப் பார்த்த கோப்பாக, உன்னைப் போன்ற ஒருவரின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம்.

பதிப்புரிமையை எண்ணி நீ தயங்குவாய் என்று தெரியும். 2012இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் வாசிப்பதற்கு ஏற்ற வடிவில் ஒரு நூலை ஆக்கி, இலாப நோக்கின்றி அவர்களுக்கு வழங்குவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. அச்சுநூலை வாசிக்க இயலாதவர்களுக்கு நூல்கள் கிடைக்க வேண்டுமென்று 2013இல் உருவான மராகேஷ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். பார்வையற்றோர் மட்டுமின்றி, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவரும், நூலைக் கையில் பிடித்துப் பக்கம் புரட்ட இயலாதவரும் அதன் பயனாளிகள். ஆனால் சட்டம் அனுமதி தருமே தவிர, கோப்பை எடுத்துத் தராது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்னும், இவர்களுக்கான இணைய நூலகத்துக்கும் யாரேனும் நூலை ஆக்கிக் கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே உன் பட்டியலில் உள்ள சங்க இலக்கிய உரைகளையும் இலக்கண நூல்களையும் இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவில் அனுப்ப முடியுமா? தலைப்புகளை வெறுமனே பெரிதாக்கித் தடிப்பாக்காமல் தலைப்பு என்றே குறிக்கச் சொல். அப்போதுதான் அவள் இயலிலிருந்து இயலுக்குத் தாவ முடியும். அச்சுநூலின் பக்க எண்களும் உள்ளே இருக்கட்டும். வகுப்பில் “142ஆம் பக்கம்” என்று நான் சொன்னால், மற்றவர்களோடு அவளும் அங்கே வந்து நிற்க வேண்டும். பாட்டுகளைச் சீர் பிரித்த மூலமாகவும் சந்தி பிரித்த வடிவமாகவும் தர இயலுமானால் இன்னும் நல்லது. யாப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று இரண்டையும் கேட்கிறாள், கெட்டிக்காரி.

யூனிகோடில் இருப்பவற்றை முதலில் அனுப்பு. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை, எந்த எழுத்துரு என்ற குறிப்போடு, அப்படியே தந்துவிடு. மாற்றி எடுப்பதை இங்கே மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த பருவத்துக்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரம் பாடமாக இருக்கிறது. அதை மட்டும் தாமதிக்காதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்