மூத்த வழக்கறிஞர் மீதும் புகார் செய்யலாம்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் ‘மூத்த வழக்கறிஞர்’ (Senior Counsel) என்பது வயதுக்குக் கிடைக்கும் பட்டம் அன்று. குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவர்களைத் தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி, மேல்முறையீட்டு நீதிபதிகள் அடங்கிய குழு தேர்ந்தெடுக்கிறது. 1997ல் தொடங்கிய முறை இது. அந்தப் பட்டம் ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து யாரையும் காப்பாற்றாது.

புகாரை வழக்கறிஞர்களின் அமைப்பான சட்டச் சங்கத்திடம் எழுத்துபூர்வமாக, சட்டபூர்வ உறுதிமொழியுடன் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்து 6 ஆண்டு கடந்துவிட்டால் நீதிமன்ற அனுமதி தேவை. புகார் மறுஆய்வுக் குழு, விசாரணைக் குழு, ஒழுங்கு நடவடிக்கை நடுவர் மன்றம் என்று படிப்படியாகப் போய், கடுமையானதாக இருந்தால் மூன்று நீதிபதிகள் அமர்வை எட்டும். அங்கே கண்டனம், 100,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை இடைநீக்கம், வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் எதுவும் கிடைக்கலாம்.

பலர் சறுக்குவது கட்டண விவகாரத்தில். “பில் அதிகம்” என்று மட்டும் எழுதினால் அது பெரும்பாலும் ஒழுங்குப் புகார் ஆகாது. கட்டணத்தை நீதிமன்றம் மதிப்பிடும்படி கேட்பதே அதற்கான வழி. பில் வந்து 12 மாதம் கடந்தாலோ, பணத்தைக் கட்டிவிட்டாலோ, சிறப்புக் காரணம் காட்டியாக வேண்டும். கோபத்தில் எழுதும் பத்துப் பக்கத்தைவிட, தேதிவாரியாக அடுக்கிய மின்னஞ்சல்களும் ரசீதுகளும் கட்டண ஒப்பந்த நகலுமே பேசும்.

ஒன்று மட்டும்: அந்த அபராதப் பணம் புகார்தாரர் கைக்கு வராது. இழப்பீடு வேண்டுமென்றால் தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கும் காலவரம்பு உண்டு.

வாசகர், உட்லண்ட்ஸ்