அம்மா கற்றுக்கொண்ட ஒரே ஆங்கிலச் சொல்: அரசு வழக்கறிஞர்களை நியமிப்போருக்கு ஒரு திறந்த மடல்

உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாட வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலுள்ள மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

என் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய வழக்கைப் பற்றி இங்கே விவரமாக எழுதப்போவதில்லை. 2019-இல் போட்ட ரிட் மனு. அதன் நகல் உங்களிடம் ஒன்று, துறையிடம் ஒன்று, யாரோ ஒரு முன்னாள் அரசு வழக்கறிஞரின் வீட்டுப் பரணில் ஒன்று என்று மூன்று இடங்களிலாவது இருக்கும். சென்ற வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வழக்கை அழைத்தார்கள். அரசுத் தரப்பில் ஓர் இளைஞர் எழுந்தார். கையில் வழக்குக் கட்டு இல்லை. தாம் இப்போதுதான் பொறுப்புக்கு வந்திருப்பதாகவும், பதில் மனு தாக்கல் செய்ய 4 வாரம் வேண்டும் என்றும் சொன்னார். நீதிபதி சரி என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எங்களுடைய 14ஆவது வாய்தா முடிந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இத்தனை வாய்தாக்களில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்: ‘டைம்’. அது காதில் விழுந்ததும் எனக்கு முன்பாக எழுந்து, செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

மனுதாரர் நேரில் வர வேண்டியதில்லை என்று எங்கள் வக்கீல் பலமுறை சொல்லிவிட்டார். ஆனால், ஆள் கண்ணில் படாவிட்டால் மறந்துபோய்விடுவார்கள் என்பது அம்மாவின் கட்சி. அதனால் இரவு பஸ் ஏறி, விடியும் முன் வந்து இறங்கி, பேருந்து நிலையத்தில் முகம் கழுவி, அப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த புடவைக்கு மாறி, வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வருகிறார். மனு போட்டபோது அவருக்கு 68 வயது. அப்போது படியேறுவதற்கு என் கை தேவைப்படவில்லை.

இந்த முறை திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: “அவகாசம் கேட்டார் என்கிறாயே, யாரிடம் கேட்டார்?”

“நீதிபதியிடம்.”

“நம்மிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? நம்முடைய நாளைத்தானே வாங்கிக்கொண்டு போகிறார்கள்?”

நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கலாம் என்றுதான் இந்த மடல்.

என் வேண்டுகோள் சிறியது. எங்கள் கோரிக்கை தவறு என்றால், ஏன் தவறு என்று பதில் மனுவில் எழுதுங்கள். சரி என்றால், சரி என்று சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் கட்டைப் படிக்கக்கூடிய ஒருவரை அனுப்புங்கள்.

அப்படி ஒருவர் வந்திருந்தார் என்பதால்தான் இவ்வளவு துணிந்து கேட்கிறேன். ஆறாவது வாய்தாவில் அரசுக்காக எழுந்தவர் நடுத்தர வயதுப் பெண் வழக்கறிஞர். கட்டின் ஓரங்களில் மஞ்சள் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. துறைக்கு மூன்று கடிதம் எழுதியும் விவரம் வரவில்லை என்பதை மழுப்பாமல் நீதிபதியிடம் சொன்னார். அப்பாவின் பணிப் பதிவேட்டில் இரண்டு பக்கங்கள் விடுபட்டிருப்பதையும் அவரேதான் கண்டுபிடித்தார். எங்கள் வக்கீலே அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் எதிர்த்தரப்பு. ஆனாலும் அன்று வெளியே வந்த அம்மா, “இந்தப் பெண் படித்திருக்கிறாள்” என்றார். அவருடைய பட்டத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வாய்தாவுக்குள் 2021 தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. அவரும் போனார். வந்தவர் முதலில் கேட்டது என்ன என்பதை இனி நான் எழுத வேண்டியதில்லை.

மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஆட்சியோடு மாறுவது மரபு. அரசமைப்புச் சட்டத்தின் 165ஆவது பிரிவே அவர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார் என்கிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞர். அந்த 15 ஆண்டுகளில் நீதிக்கட்சி ஆண்டது. 1937-இல் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. 1939-இல் அதுவும் விலகி ஆளுநர் ஆட்சி வந்தது. கோட்டையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கட்டைப் படித்தவர் மாறவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன், வெள்ளைக்காரன் காலம் அது. ஆனால் அவனால் முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

உச்ச நீதிமன்றம் சொல்லாததையும் நான் சொல்லிவிடவில்லை. உத்தரப்பிரதேசத்தில் 1990-இல் ஒரே சுற்றறிக்கையால் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது செல்லாது என்று அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. 2016-இல் பஞ்சாப் வழக்கில், அரசு வழக்கறிஞர் நியமனம் வெளிப்படையாகவும் தகுதியை எடைபோட்டும் நடக்க வேண்டும் என்றார்கள். இவையெல்லாம் உங்கள் மேசையில் இருக்கும். நான் வாய்தாக்களுக்கு நடுவே வராந்தாவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வேறு என்ன வேலை?

தகுதி என்றதும் சுவரொட்டிகள் நினைவுக்கு வருகின்றன. பட்டியல் வெளியான மறுநாள் காலைக்குள் ‘அரசு வழக்கறிஞராகப் பொறுப்பேற்கும் அண்ணனுக்கு’ வாழ்த்துச் சொல்லி ஊர் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். அண்ணனின் படம், தலைவரின் படம், மாவட்டச் செயலாளரின் படம். எல்லாம் ஒரே இரவில். யாரும் 4 வாரம் கேட்பதில்லை. அந்த அச்சகத்தாரிடமே எங்கள் பதில் மனுவைக் கொடுத்தால் என்ன என்று ஒருமுறை யோசித்தேன்.

அரசு தாமதித்தால் அதற்குப் பெயர் நிர்வாகக் காரணம். நாங்கள் தாமதித்தால் அதற்குப் பெயர் அலட்சியம். மத்தியப்பிரதேச அரசு ஒரு மேல்முறையீட்டை 663 நாள் தாமதமாகக் கொண்டுவந்தபோது, உச்ச நீதிமன்றம் 2020-இல் 25,000 ரூபாய் அபராதம் போட்டு, பொறுப்பான அதிகாரிகளிடமே அதை வசூலிக்கச் சொன்னது. படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 663 நாளை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம்.

மன்னிக்க வேண்டும். பணிவாகக் கேட்க உட்கார்ந்தவள் எங்கோ போய்விட்டேன். இப்போது வந்திருக்கும் அந்த இளைஞர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. காலையில் கையில் திணிக்கப்படும் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்? துறை பதில் தராவிட்டால் அவர் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. வழக்கறிஞரை மாற்றினால் மாற்றுங்கள். பழையவர் குறித்துவைத்ததைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். அந்த மஞ்சள் சீட்டுகள் ஒட்டிய கட்டு எங்காவது இருக்கத்தான் செய்யும். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

மறுபடியும் கேட்கிறேன்: தவறு என்றால் தவறு, சரி என்றால் சரி. ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுங்கள்.

அடுத்த மாதம் வழக்கு மீண்டும் பட்டியலில் வரும் என்று வக்கீல் குமாஸ்தா சொல்லியிருக்கிறார். அம்மாவும் நானும் வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருப்போம். உங்கள் வழக்கறிஞரைக் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இப்போது இடது காது மட்டும்தான் கேட்கிறது.

இப்படிக்கு,
மனுதாரரின் மகள்