"விட்டுவிடுவோம்" என்று எழுதிய அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் சென்னை ஐஐடி பேராசிரியர் ஆர்.ஐ.சுஜித் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தியில், 'அவருடைய தீச்சுடர் ஆய்வின் நுணுக்கங்கள் நம் போன்ற சாமானியர்களுக்கு விளங்காது, அதை விட்டுவிடுவோம்' என்று இருந்தது. அதற்குப் பிறகு முழுக்க விருதுகளும், அவர் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கும்தான். இடைநிலைப் பள்ளியில் படிவம் 5 படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அவரு என்னதான் கண்டுபிடிச்சாரு?" தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதில் அதில் இல்லை.

சாமானியர் என்று யாரைச் சொன்னீர்கள் ஐயா? மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லங்காப் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் 31 வருடம் பாய்லர் பார்த்தவன் நான். பழத்தைப் பிழிந்தால் மிஞ்சும் நாரும், கொட்டையை உடைத்தால் விழும் ஓடும்தான் எங்களுக்கு விறகு. அந்த ஆவியில்தான் பழக்குலை வேகும், டர்பைன் சுற்றும். எனக்கு முன் அப்பா, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் ஸ்மோக்கவுஸில் புகை போட்டார். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் விழும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ராத்திரியில் இரண்டு முறை எழுந்துபோய்த் தணலைத் தள்ளிவிட்டு வருவார். அம்மா ஈர விறகை ஊதி ஊதியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். மூன்று பேரும் நெருப்போடு வாழ்ந்த குடும்பத்துக்கு நெருப்பைப் பற்றி விளங்காது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

1989, மழைக்காலம், இரவு ஷிப்டு. நார் ஈரமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் மூத்தவர், பெரியண்ணன் என்போம், தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சத்தத்தைக் கேளுடா" என்றார். சூளை எப்போதும்போல இரைந்தது. நடுவில் 'தும் தும்' என்று ஓர் அதிர்வு, பிறகு பழைய இரைச்சல். மறுபடி 'தும் தும் தும்', முன்னதைவிடக் கொஞ்சம் நீளமாக. "கதவுகிட்ட நிக்காதே" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் சூளைக் கதவு வழியாகத் தீ வெளியே பாய்ந்தது. என் இடது கையில் அந்த இடத்தில் இன்றும் முடி முளைப்பதில்லை. மறுவாரம் ஒரு பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வந்தது: 'ஊழியர் கவனக்குறைவு'. ஈர நாரை அனுப்பாதீர்கள் என்று அதற்கு முன் மூன்று முறை மேலே சொல்லியிருந்தோம். அதை யாரும் எழுதவில்லை. திருத்தம் கேட்டு நான் எழுதிய கடிதமும் வரவில்லை.

சரி, பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் இணையத்தில் எடுத்துக் கொடுத்ததை அகராதியோடு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். மூடிய அறைக்குள் தீ எரியும்போது வெப்பம் காற்றை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு சுவரில் பட்டுத் திரும்பிவந்து தீயையே ஆட்டுகிறது. சேலைத் தொட்டிலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் கூடுமல்லவா, அதுபோலக் காற்று அழுந்தும் அதே நேரத்தில் வெப்பமும் சேர்ந்தால் அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். ஆங்கில விஞ்ஞானி ரேலே பிரபு 1878லேயே இதைச் சொல்லிவிட்டார். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் இந்த அதிர்வால் சோதனை மேடையிலேயே உடைந்திருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சின்ன வெடிகுண்டை வெடிக்கவைத்து, அதிர்வு அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தடுப்புத் தகடுகளை மாற்றியிருக்கிறார்கள். இன்று மின்நிலையங்களின் கேஸ் டர்பைன்களுக்கும் இதே தலைவலி. நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைக்கக் காற்றைக் கூட்டி எரித்தால், தீ சுலபமாக ஆட்டம் காண்கிறது.

சுஜித்தும் அவர் மாணவர்களும் 2013, 2014ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டியது என்ன தெரியுமா? இந்த அதிர்வு முழுதாகப் பிடித்துக்கொள்வதற்கு முன்னால், ஒழுங்கற்ற இரைச்சலுக்கு நடுவே ஒழுங்கான அதிர்வு விட்டுவிட்டுத் தலைகாட்டும். அந்த அடையாளத்தை அழுத்த அளவீட்டிலேயே பிடித்துவிட்டால், எஞ்சின் உடைவதற்கு முன் எச்சரிக்கலாம். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. கேஸ் டர்பைனும் நார் பாய்லரும் ஒன்றல்ல, எங்கள் சூளையில் நடந்தது வேறு கோளாறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் விட்டுவிட்டு வரும் சத்தத்துக்குக் காதுகொடு என்று பெரியண்ணன் சொன்னதற்கு, உலகத்தில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பெரியண்ணன் இப்போது இல்லை. இருந்திருந்தால் அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டியிருப்பேன்.

ஓர் ஆய்வின் பயன் மேற்கோள் எண்ணிக்கையில்தான் தெரியும் என்றால் எங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறோம்? ராசிபலனுக்கு வாரா வாரம் ஒரு பக்கம் கொடுக்கிறீர்கள். சினிமாவுக்கு இரண்டு பக்கம். தோட்டப்புற வாசகர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று முன்பு ஒருமுறை தலையங்கத்திலேயே எழுதினீர்கள். எங்களில் யாரைக் கேட்டீர்கள்? பாய்லரை இயக்கத் தேவையான தகுதிச் சான்றிதழான பாய்லர் டிக்கெட்டுக்காக மூன்று முறை அதிகாரிகள் முன்னால் நின்று, ஆவி, அழுத்தம், காற்று என்று கேட்ட கேள்விக்கெல்லாம் மலாயில் பதில் சொல்லித் தேறியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன் ஆலைப் புகை பற்றி நான் எழுதியதையும் பாதியாக வெட்டி, ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டீர்கள். அன்று பொறுத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதில்லை. மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, அந்தப் பேராசிரியர் என்ன கண்டுபிடித்தார் என்று தமிழில், ஒரு படத்தோடு போடுங்கள். பேத்தி வரைந்த தொட்டில் படத்தை இதனுடன் இணைத்திருக்கிறேன். இடமில்லை என்று இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால், என் கை சுட்ட கதையை வெட்டிக்கொள்ளுங்கள். 2013, 2014 என்று வரும் பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர்காரர்,
லங்காப், பேராக்